வேலைக்குத் திரும்பினால் இயலாமைக் கொடுப்பனவு நின்றுவிடுமா?

தெமட்டகொடை களஞ்சியப் பொறுப்பாளர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் இறக்குமதி வியாபாரம் செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை செய்து வருகிறேன். எனக்கு வயது 43. எட்டு மாதங்களுக்கு முன், மேல்தட்டில் இருந்த பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது இரும்பு ஏணி சறுக்கியதால் சீமெந்துத் தரையில் விழுந்து, வலது தொடை எலும்பு முறிந்தது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவில் சத்திர சிகிச்சை செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். இப்போது ஒரு கைத்தடியின் உதவியுடன் நடக்கிறேன். கால் சற்றே குட்டையாகிவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் இடுப்பில் வலி பிடித்துக்கொள்கிறது.

நிறுவனம் முதல் இரண்டு மாதங்களும் முழுச் சம்பளமாகிய 80,000 ரூபாவைத் தந்தது. அதன் பின்னர் ஏறத்தாழப் பாதித் தொகை மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது என்ன பெயரில் தரப்படுகிறது என்பதற்கு என்னிடம் எந்தக் கடிதமும் இல்லை. அதைக் கொண்டுதான் வீட்டு வாடகையையும் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவையும் ஓரளவு சமாளித்து வந்திருக்கிறோம். மனைவி தையல் வேலை செய்து மீதியைத் தாங்குகிறார்.

சென்ற கிளினிக்கில் வைத்தியர் எனது கொப்பியில், நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் அமர்ந்திருந்து செய்யும் வேலையைத் தொடங்கலாம் என்றும், ஏணி ஏறவோ ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவோ கூடாது என்றும், இரண்டு மாதங்களின் பின் மீண்டும் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு சந்தோஷத்துடன் நிறுவனத்துக்குப் போனேன். ஆனால் மனிதவளப் பிரிவில் இருந்தவர், அரைநாள் வேலை என்ற ஏற்பாடு தங்களிடம் இல்லை என்றும், ஒன்றில் முழுமையாக வேலைக்கு வரவேண்டும், இல்லையேல் இனி எந்த வேலையும் செய்ய இயலாது என்று ஒரு வைத்தியச் சான்றிதழ் எடுத்து ஊழியர் சேமலாப நிதியைப் பெற்றுக்கொண்டு இராஜினாமாக் கடிதம் தரவேண்டும் என்றும் கூறினார்.

வீட்டிலும் ஒரே குழப்பம். நான் ஒரு நாள் வேலைக்குப் போய்க் கையொப்பமிட்டாலே குணமாகிவிட்டேன் என்று பதிந்து எல்லாக் கொடுப்பனவையும் நிறுத்திவிடுவார்கள், ஆகையால் வீட்டிலேயே இருப்பதுதான் புத்தி என்று மைத்துனர் சொல்கிறார். லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகனோ, அங்கே நோய்க்கால உதவித்தொகை பெறுபவர்கள் வாரத்துக்கு 16 மணித்தியாலத்துக்குக் குறைவாக, குறித்த வருமான எல்லைக்குள் வேலை செய்ய விதி இருக்கிறது, இங்கும் அப்படி ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்கிறார். எனது ஆயுட்காப்புறுதியுடன் இயலாமைக்கான ஒரு மேலதிகக் காப்பும் சேர்ந்திருக்கிறது. அதற்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

வீட்டில் இருந்துகொண்டு பணம் வாங்குவது எனது விருப்பம் அல்ல. சும்மா படுத்திருந்த இந்த எட்டு மாதங்களும் கால்வலியை விட அதிகமாக என்னை வாட்டின. ஆனால் நான்கு மணித்தியால வேலைக்கு ஆசைப்பட்டு, பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய நட்டஈட்டை இழந்துவிடுவேனோ என்று பயப்படுகிறேன். இதில் அனுபவமோ அறிவோ உள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தொழில் உத்தியோகத்தர், வெள்ளவத்தை:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இராஜினாமாக் கடிதத்திலும், ‘இனி எந்த வேலையும் செய்ய இயலாது’ என்ற சான்றிதழ் விண்ணப்பத்திலும் தயவுசெய்து இப்போதைக்குக் கையொப்பமிட வேண்டாம். ஏன் என்பதை விளக்குகிறேன்.

லண்டன் விதியை இங்கே தேடாதீர்கள். அங்கே அரசாங்கமே உதவித்தொகையைக் கொடுக்கிறது. ஆகவே எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்பதையும் அரசாங்கமே வகுத்திருக்கிறது. இங்கே தனியார் துறை ஊழியருக்கு நீண்டகால நோய்க்காலச் சம்பளம் தரும் அரச நிதியம் கிடையாது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவருக்கு ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும், சுகவீனம் உட்பட்ட சொந்தக் காரணங்களுக்காக 7 நாள் விடுமுறையும் உண்டு. அதற்கு மேல் கிடைப்பது நிறுவனத்தின் ஒப்பந்தத்தையோ நல்லெண்ணத்தையோ பொறுத்தது. ஆனால் நீங்கள் காய்ச்சலில் படுக்கவில்லை. வேலைத்தலத்தில், வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுந்தீர்கள். ஆகையால் உங்களுக்குப் பொருந்துவது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அதன்படி நட்டஈடு முதலாளியின் கடப்பாடு. ஏணி சறுக்கியது யாருடைய கவனக்குறைவு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட விபத்து என்பதே அடிப்படை. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நிகழும் விபத்துகளும் இதற்குள் அடங்குகின்றன. இதை வாசிக்கும் மற்றவர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்துச் சொன்னேன்.

இந்தச் சட்டம் இயலாமையை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. குணமாகும் வரையான தற்காலிக இயலாமை வேறு. குணமான பிறகும் உடலில் மிஞ்சி, சம்பாதிக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும் நிரந்தரப் பகுதி இயலாமை வேறு. செய்யக்கூடியதாக இருந்த எந்த வேலையையும் இனிச் செய்ய முடியாத முழு இயலாமை வேறு. நீங்கள் இன்று நிற்பது முதலாவதில். நாளை காலின் குட்டையும் இடுப்பு வலியும் நிலைத்துவிட்டால் இரண்டாவதுக்குப் போவீர்கள். நிறுவனம் உங்களிடம் கேட்பதோ மூன்றாவதற்கான தாள். அது உண்மையும் அல்ல. உங்கள் வைத்தியரே நான்கு மணித்தியாலம் வேலை செய்யலாம் என்று எழுதியிருக்கும்போது அதற்கு மாறான சான்றிதழை வேறொருவரிடம் தேடுவது முறையும் அல்ல.

இனி உங்கள் பிரதான கேள்விக்கு வருகிறேன். தற்காலிக இயலாமைக்கு, ஒவ்வொரு அரைமாதத்துக்கும் ஒருமுறை தரப்படும் அரைமாதக் கொடுப்பனவு என்ற ஒன்று சட்டத்தில் உண்டு. அது இயலாமை நீடிக்கும் வரை, உச்சமாக ஐந்து ஆண்டுகள் வரை தரப்படவேண்டியது. இந்தக் கொடுப்பனவைப் பெறும் ஒருவர் குறைந்த சம்பளத்தில் வேலைக்குத் திரும்பக்கூடும் என்பதைச் சட்டம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. விபத்துக்கு முன் பெற்ற மாதச் சம்பளத்தின் பாதிக்கும், இப்போது பெறும் மாதச் சம்பளத்தின் பாதிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அரைமாதக் கொடுப்பனவு தாண்டக் கூடாது என்பதே அந்த விதி. உங்கள் கணக்கில் வைத்துப் பார்ப்போம். முன்னைய சம்பளம் 80,000. அதன் பாதி 40,000. அரைநாள் வேலைக்கு மாதம் 45,000 தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் அதன் பாதி 22,500. வித்தியாசம் 17,500 ரூபா. சம்பள அளவுக்கு ஏற்பச் சட்டத்தின் அட்டவணை குறிக்கும் தொகை இதைவிடக் குறைவாயின் அந்தத் தொகை, கூடுதலாயின் இந்த 17,500 என்பதே ஒவ்வொரு அரைமாதத்துக்கும் பெறக்கூடியது. ஆகவே வேலைக்குத் திரும்பினால் கொடுப்பனவு குறையலாம். ஆனால் ஒரு நாள் கையொப்பமிட்டதும் எல்லாம் அற்றுப்போகும் என்பது பிழையான அச்சம். முழுச் சம்பளத்துடன் திரும்பினால்தான் வித்தியாசம் இல்லாமல் போய்க் கொடுப்பனவும் இல்லாமல் போகிறது.

மைத்துனருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். நிரந்தரப் பகுதி இயலாமைக்கான ஒருமுறைத் தொகை, வீட்டில் இருந்ததற்காகத் தரப்படுவதில்லை. சம்பாதிக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் நிரந்தரமாகக் குறைந்தது என்று மருத்துவ மதிப்பீட்டின் மூலம் கண்டு, முழு இயலாமைக்குரிய தொகையில் அந்த வீதத்தைத் தருவார்கள். முழு இயலாமைக்கான உச்சத் தொகையை 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. உங்கள் சம்பள அளவுக்கு உரிய தொகை எதுவோ அதன்மேல் வீதம் கணக்கிடப்படும். கால் குட்டையாகி, ஏணி ஏற முடியாத ஒரு களஞ்சியப் பொறுப்பாளர் எழுதுமேசையில் அமர்ந்து வேலை செய்தாலும், அவர் இழந்தது இழந்ததுதான். அமர்ந்து வேலை செய்கிறார் என்பதை மட்டும் காட்டி அந்த உரிமையை அழித்துவிட முடியாது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வசனம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. மாதாமாதம் வரும் பாதித் தொகை எந்தப் பெயரில் வருகிறது என்று தெரியாது என்கிறீர்கள். இயலாமைக் காலத்தில் நட்டஈடாக முதலாளி ஏற்கெனவே கொடுத்த பணத்தைப் பின்னர் வரும் ஒருமுறைத் தொகையிலிருந்து கழிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே அது சம்பளமா, முற்பணமா, நட்டஈடா, கருணைத் தொகையா என்பது வெறும் பெயர் வேறுபாடு அல்ல. ஆறு மாதங்களுக்கான ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ரூபாவின் கதி அந்தப் பெயரில் தங்கியிருக்கிறது. நாளைக்கே, பணிவான மொழியில், எழுத்தில் கேளுங்கள். சம்பளத் துண்டு கிடைத்தால் அதையும் வாங்குங்கள். அதில் சேமலாப நிதிக்கான உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் காட்டப்பட்டிருந்தால், அந்த மாதங்களில் அவர்களே அதைச் சம்பளமாகக் கருதினார்கள் என்பதற்கு அது வலுவான ஆதாரம்.

இராஜினாமா விடயத்துக்கு வருவோம். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், 180 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இன்றி வேலைநீக்கம் செய்வதென்றால் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்கூட்டிய எழுத்துமூல அனுமதியோ வேண்டும் என்கிறது. கால் முறிந்தது ஒழுக்கக்கேடு அல்லவே. உங்களை நிறுத்துவதானால் அவர்கள் ஆணையாளரிடம் போய்க் காரணம் சொல்லியாக வேண்டும். உங்கள் கையால் எழுதிய இராஜினாமாக் கடிதம் அவர்களுக்கு அந்தப் பயணத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கும். என் சேவைக்காலத்தில் எத்தனையோ பேர் கையில் கட்டுடன் வந்து, தாங்களே எழுதிக் கொடுத்த கடிதத்தின் பிரதியை என் மேசைமேல் வைத்து, இதை மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

சேமலாப நிதியைப் பற்றி: ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதுக்கு முன்னர் நிதியைப் பெற அனுமதிக்கும் காரணங்களுள் நிரந்தரமான முழு இயலாமையும் ஒன்று என்பது உண்மைதான். அதற்காகக் ‘கே’ படிவத்துடன் வைத்தியச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு இப்போது தேவைப்படுவது சிகிச்சைக்கான பணம் என்றால் அதற்கு வேலையை விடவேண்டிய அவசியமே இல்லை. 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பத்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்து கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா உள்ளவர், வேலையில் இருந்தபடியே வீட்டுத் தேவைக்கோ மருத்துவச் சிகிச்சைக்கோ 30 வீதம் வரை, உச்சமாக 20 இலட்சம் ரூபா, பெறலாம். பதினான்கு ஆண்டுகள் சேவை செய்த நீங்கள் இதைப் பற்றித்தான் நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்தில் முதலில் விசாரிக்க வேண்டும்.

காப்புறுதிக் கோரிக்கைப் பிரிவில் பணிபுரிபவர், பம்பலப்பிட்டி:

ஐயா மேலே எழுதியவற்றுடன் நான் உடன்படுகிறேன். ஆயுட்காப்புறுதியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் அது நட்டஈட்டுச் சட்டத்திலிருந்து முற்றிலும் வேறான பாதை. அங்கே உங்களுக்கும் கம்பனிக்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்தின் சொற்கள்தான் சட்டம்.

அண்ணா, உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் மேலதிகக் காப்பு அச்சிடப்பட்டுள்ள பக்கத்தை எடுத்து, இயலாமை என்பதற்கு அவர்கள் கொடுத்துள்ள வரைவிலக்கணத்தைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். தன் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாத நிலை என்று சில பத்திரங்கள் சொல்கின்றன. எந்தத் தொழிலையும் செய்ய முடியாத நிலை என்று வேறு சில சொல்கின்றன. முதலாவதாயின், எழுதுமேசை வேலைக்குத் திரும்பிய பின்பும் களஞ்சிய வேலையைச் செய்ய முடியாது என்று நீங்கள் வாதிட இடமுண்டு. இரண்டாவதாயின், நான்கு மணித்தியால வேலையே கோரிக்கைக்கு எதிராக வைக்கப்படலாம். இன்னும் சில பத்திரங்களில் விபத்தினால் ஏற்படும் தற்காலிக முழு இயலாமைக்கு வாராந்தத் தொகை உண்டு. அது வேலைக்குத் திரும்பும் நாள் வரைக்கும் உரியது, ஆகவே கடந்துபோன மாதங்களுக்கு அதை இப்போதும் கோரலாமா என்று கேளுங்கள். தாமதமாக அறிவிப்பதற்கான காரணத்தை, அதாவது சத்திர சிகிச்சையும் நடமாட முடியாத நிலையும், வைத்தியசாலை விடுவிப்பு அட்டையின் பிரதியுடன் எழுதிக் கொடுங்கள்.

எனது மேசைக்கு வரும் கோரிக்கைகளில் மனதுக்கு மிகவும் கஷ்டமானவை, உண்மையான நோயாளி ஒருவர் ஒரு சிறிய விடயத்தை மறைத்ததால் முழுக் கோரிக்கையும் சந்தேகத்துக்குள்ளானவை. இயலாமைக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது, வேலைக்குத் திரும்பியதைச் சொல்லாமல் இருந்துவிட்டு, பின்னர் சேமலாப நிதிப் பங்களிப்புப் பதிவிலிருந்து அது தெரியவந்தால், எலும்பு முறிந்தது உண்மைதானா என்பதிலிருந்தே மறுபடி தொடங்குவார்கள். ஆகையால் வேலைக்குப் போகும் முன்னரே, எந்தத் திகதியிலிருந்து, எத்தனை மணித்தியாலம், எவ்வகையான வேலை என்று எழுதி, கடிதம் கிடைத்ததற்கான முத்திரையைப் பிரதியில் பெற்றுக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு ஒரு கதை, காப்புறுதிக்கு ஒரு கதை என்று இருக்கவே கூடாது. இரண்டு கோவைகளிலும் உங்கள் கிளினிக் வைத்தியரின் அதே வசனங்கள் இருக்கட்டும்.

இன்னொன்று. தவணைப்பணம் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். சில பத்திரங்களில் இயலாமைக் காலத்துக்குத் தவணையைத் தள்ளுபடி செய்யும் நன்மையும் சேர்ந்திருக்கும்; அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டாஞ்சேனை சகோதரி:

தம்பி, எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கு முள்ளந்தண்டில் சத்திர சிகிச்சை நடந்தது. நான் ஓர் ஆடை விற்பனை நிலையத்தில் காசாளராக இருந்தேன். மூன்று மாதம் வீட்டில் இருந்த பிறகு, இலேசான வேலையில் இருக்கலாம் என்று வைத்தியர் வாயால் சொன்னார், நானும் அதை வாயால் முகாமையாளரிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். முதல் வாரம் கதிரையில் அமர்ந்து வேலை செய்தேன். இரண்டாவது வாரம் பெருநாள் வியாபாரம் தொடங்கியது. ஒரு பிள்ளை வரவில்லை என்று என்னைத் துணி மடிக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை நின்றேன். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் வேலைக்கு வராமல் இருந்தவள் என்ற கூச்சம் என்னை வாய் திறக்க விடவில்லை. நான்காவது நாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மறுபடியும் மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். அந்த மூன்று மாதத்துக்கும் ஒரு சதமும் கிடைக்கவில்லை, ஏனென்றால் நான் பூரண சுகத்துடன் திரும்பியவள் என்றுதான் அவர்களுடைய கோவையில் இருந்தது. இலேசான வேலை என்ற சொல் எந்தத் தாளிலும் இருக்கவில்லை.

ஆகவே நான் உங்களைக் கெஞ்சிக் கேட்பது இதுதான்: ‘இலேசான வேலை’ என்று மட்டும் எழுதிய கடிதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டாம். எத்தனை மணித்தியாலம், எத்தனை கிலோ, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும், படிக்கட்டு ஏறலாமா, இயன்மருத்துவத்துக்கு வாரத்தில் எந்த நாள் போகவேண்டும், இந்த ஏற்பாடு எந்தத் திகதி வரை என்பதெல்லாம் வைத்தியரின் கடிதத்தில் இருக்கட்டும். கிளினிக்கில் கூட்டம் அதிகம், வைத்தியருக்கு நேரம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். நான் இரண்டாவது முறை போனபோது, எனது வேலையில் நாள் முழுவதும் என்னென்ன செய்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் முடியும், முடியாது என்று குறித்து, கீழே கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தந்தார். இரண்டு நிமிடம்தான் ஆனது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பயணத்தையும் கணக்கில் எடுங்கள். காலை ஏழரைக்கு மருதானைப் பக்கம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் நான்கு மணித்தியாலம் அமர்ந்து வேலை செய்வது, கால் முறிந்தவருக்கு நான்கு மணித்தியால வேலை அல்ல. பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடித்தால் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் இருக்கை கிடைக்கும். நான் அப்படித்தான் கேட்டு வாங்கினேன், வேறு ஒரு இடத்தில். அங்கே இப்போது முழுநாளும் வேலை செய்கிறேன்.

பிரதேச செயலக உத்தியோகத்தர், திம்பிரிகஸ்யாய:

ஒரு சிறு தெளிவுபடுத்தல் மட்டும். பிரதேச செயலகங்களின் ஊடாகக் குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தரப்படும் மாதாந்த உதவித்தொகையை இந்த நட்டஈட்டுடன் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அது அரச நலன்புரிக் கொடுப்பனவு. குடும்பத்தின் வருமான நிலையும் இயலாமையின் தன்மையும் பார்த்தே தரப்படுவது. மாதம் 80,000 ரூபா சம்பளம் பெற்ற ஒருவருக்கு அது பொருந்துவது அரிது. வேறு எவராவது அதைப் பெற்றுக்கொண்டிருக்கும் நிலையில் வேலைக்குத் திரும்பினால், தங்கள் கிராம உத்தியோகத்தருக்கு வருமான மாற்றத்தை அறிவிக்க வேண்டும்.

மற்றபடி, 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி வேலைவாய்ப்பில் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்கிறது. அரைநாள் வேலையைத் தந்தே ஆகவேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் விரிவான ஏற்பாடுகள் அதில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அரச துறையில் 1988 ஆம் ஆண்டின் 27/88 சுற்றறிக்கை 3 வீத வேலைகளை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குமாறு சொல்கிறது. தனியார் துறையில் உரையாடியே பெறவேண்டியிருக்கிறது. ஆகையால் முதற் கடிதத்திலேயே வழக்கு மிரட்டலை வைக்காமல், நீங்கள் அமர்ந்திருந்து செய்யக்கூடிய வேலைகளை, உதாரணமாகச் சரக்கு வரவுப் பதிவு, இருப்புக் கணக்கு, சுங்க ஆவணங்களைச் சரிபார்த்தல் போன்றவற்றை, நீங்களே பிரேரியுங்கள். பதினான்கு ஆண்டுகள் அந்தக் களஞ்சியத்தை அறிந்தவர் கணக்கு மேசையில் இருப்பது அவர்களுக்கும் இலாபம்தான்.

தெமட்டகொடை களஞ்சியப் பொறுப்பாளர் (மூன்று வாரங்களின் பின்):

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். இதற்கிடையில் நடந்தவை பல.

சகோதரி சொன்னபடி எனது நாளாந்த வேலைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வைத்தியர் பதினொரு வரிகளில் ஐந்துக்கு ‘முடியும்’ என்றும் ஆறுக்கு ‘இப்போது முடியாது’ என்றும் குறித்துத் தந்தார். அதை இணைத்து, வரவுப் பதிவு வேலையைப் பிரேரித்து நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்தேன். மாதாந்தத் தொகையின் பெயரையும் அதிலேயே கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. பின்னர் பொது முகாமையாளரே அழைத்து, இரண்டு மாதங்களுக்குப் பரீட்சார்த்தமாகக் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, 45,000 ரூபா சம்பளத்தில் எடுப்பதாகச் சொன்னார். இராஜினாமாப் பேச்சே எழவில்லை. வரும் திங்கட்கிழமை போகிறேன். காப்புறுதிப் பத்திரத்தில் ‘எந்தத் தொழிலையும்’ என்றுதான் இருக்கிறது. ஆனால் வாராந்தத் தொகைக்கான ஒரு பிரிவும் இருக்கிறது, விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், வேலைக்குத் திரும்பும் திகதியையும் அதில் குறித்தேன்.

மாதாந்தத் தொகையைப் பற்றி மட்டும் கடிதம் தரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பற்றுச்சீட்டு தந்திருக்கிறார்கள். ஆறு மாதங்களாகத் தந்த பணத்தையும், இப்போது மேலதிகமாகத் தரும் 50,000 ரூபாவையும், ‘விபத்து தொடர்பான சகல உரிமைகளுக்குமான முழுமையான இறுதித் தீர்வாக’ப் பெற்றுக்கொண்டேன் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை வரும்போது கையொப்பமிட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் மனைவி கையொப்பமிட்டுவிடச் சொல்கிறார். ஐயா, என்ன செய்வது?

ஓய்வுபெற்ற தொழில் உத்தியோகத்தர், வெள்ளவத்தை:

வேலை கிடைத்தது மிகவும் மகிழ்ச்சி தம்பி. உங்கள் மனைவியின் மனநிலை எனக்கு விளங்குகிறது; எட்டு மாதம் அவரும்தானே பாரம் சுமந்தார். ஆனாலும் அந்தப் பற்றுச்சீட்டில் அப்படியே கையொப்பமிடாதீர்கள்.

நட்டஈட்டு உரிமையைக் கைவிடுவதாக ஊழியர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று அதே கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஒருமுறைத் தொகை கொடுத்துத் தீர்ப்பதென்றால் அந்த உடன்படிக்கை தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவுசெய்யப்பட வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிவுசெய்ய மறுக்கலாம். ஆகையால் நீங்கள் தவறிக் கையொப்பமிட்டாலும் எல்லாம் முடிந்துவிடாது. ஆனால் செல்லாத தாளைச் செல்லாது என்று நிரூபிக்கப் பல மாதங்கள் அலைய வேண்டியிருக்கும், அதை ஏன் வீணாகத் தேடிக்கொள்ள வேண்டும்?

உங்கள் கால் எவ்வளவு தூரம் குணமாகும் என்று இன்றைக்கு உங்கள் வைத்தியருக்கே தெரியாது; அதனால்தான் இரண்டு மாதத்தில் மீண்டும் வரச் சொன்னார். குணமாவது முடிந்து, எஞ்சிய இயலாமையின் வீதம் மதிப்பிடப்படும் முன் எந்தத் தொகையும் இறுதித் தொகையாக இருக்க முடியாது. திங்கட்கிழமை அந்தத் தாளை மரியாதையுடன் திருப்பிக் கொடுத்து, பணம் பெற்றதை மட்டும் குறிப்பிடும் சாதாரணப் பற்றுச்சீட்டு என்றால் உடனே கையொப்பமிடுகிறேன், தீர்வைப் பற்றி ஆணையாளர் முன்னிலையில் பேசுவோம் என்று சொல்லுங்கள். அவர்கள் தந்த தாளின் ஒரு பிரதியை அதற்கு முன்னரே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணையாளர் அலுவலகத்துக்கு விபத்தை இன்னும் அறிவிக்கவில்லை என்றால் இந்த வாரமே அறிவியுங்கள். விடுவிப்பு அட்டை, கிளினிக் கொப்பி, வைத்தியர் குறித்துத் தந்த அந்தத் தாள், விபத்துக்கு முந்தைய சம்பளத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். சட்டத்தரணிக்குச் செலவழிக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம்.

வேலைக்குப் போகும் முதல் நாளிலிருந்து ஒரு சிறு கொப்பி வைத்திருங்கள். வந்த நேரம், போன நேரம், என்ன வேலை தந்தார்கள், எப்போது வலி வந்தது என்று நாளுக்கு இரண்டு வரி போதும். இரண்டு மாதத்தின் பின் கிளினிக்குக்குப் போகும்போது அதையும் கொண்டு போங்கள்.